மூன்று ரூபாய் சஸ்பென்ஸ்

என் ரூம் மேஜையில் இந்த மாதம் இரண்டு அடுக்கு. இடது பக்கம் கொலை, கொள்ளை, ஆள் கடத்தல். வலது பக்கம் சுயசரிதை, வாழ்க்கை வரலாறு, நினைவுக் குறிப்பு. நடுவில் தண்ணீர் சொம்பு. ஆபீஸ் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னா சார், ஒரு பக்கம் ரத்தம், ஒரு பக்கம் விபூதி?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

நம்பவில்லை. ரத்தத்தில் இரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த வாரக் கட்டுரை அவருக்கு எழுதும் பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் இடது பக்க அடுக்கு. துப்பறியும் கதை நமக்கு நேற்று வந்த சரக்கு இல்லை. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஆரணிக்காரர் ஒருவர், ஆரணி குப்புசாமி முதலியார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில மர்மக் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிக் குவித்தார். லண்டன் பிரபுக்கள் நம் ஊர் ஜமீன்தார்களாக வேஷம் மாறி வந்தார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் எல்லோரும் நம் தாத்தாக்களின் தூக்கத்தைக் கெடுத்தவர்கள். திகம்பர சாமியார் 1950-ல் சினிமாவாகவே வந்தார். நம்பியார் ஹீரோ. நிஜமாகத்தான், ஹீரோ!

பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால். எந்த நாட்டுக்குப் போனாலும் தேநீர் குடித்தால்தான் மூளை வேலை செய்யும். அந்த விஷயத்தில் எங்கள் ஆபீஸில் எல்லோருமே சங்கர்லால்தான், குடித்த பிறகு துப்பு மட்டும் கிடைப்பதில்லை. 1968-ல் குமுதத்தில் சுஜாதா 'நைலான் கயிறு' தொடங்கினார். கணேஷ் என்கிற வக்கீல் வந்தார். பின்னால் வசந்த் சேர்ந்துகொண்டான். ராஜேஷ்குமார் 1,500 நாவல்களைத் தாண்டிவிட்டார். சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று பெரிய பட்டாளம். பஸ் ஸ்டாண்ட் கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய பாக்கெட் நாவலை வாங்கி, விழுப்புரத்தில் ஏறி, வேலூரில் இறங்குவதற்குள் கொலைகாரனைக் கண்டுபிடித்த தலைமுறை ஒன்று உண்டு. இப்போது அந்தக் கிளிப்பில் பெரும்பாலும் செல்போன் உறை தொங்குகிறது.

இந்த அடுக்கைப் படித்ததில் ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. துப்பறியும் கதையில் எல்லோரும் பொய் சொல்வார்கள். ஆனால் ஆசிரியர் கடைசியில் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். அதுதான் ஒப்பந்தம். கொலைகாரன் யார் என்று சொல்லாமல் 'முற்றும்' போட்டால் அடுத்த மாதம் யார் காசு கொடுப்பார்கள்?

சுயசரிதையில் ஒப்பந்தம் தலைகீழ். எல்லாமே உண்மை என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் எதைச் சொல்லவேண்டும், எதை விடவேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

இதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

* * *

அகதா கிறிஸ்டியைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. 1926 டிசம்பர் 3-ம் தேதி இரவு அந்தம்மா வீட்டிலிருந்து காரில் கிளம்பிப் போனார். மறுநாள் கார் மட்டும் ஒரு சரிவில் நின்றது. உள்ளே கோட்டு இருந்தது, லைசென்ஸ் இருந்தது, ஆள் இல்லை. இங்கிலாந்தே அமர்க்களப்பட்டது. போலீஸ் காடு மேடெல்லாம் தேடியது. ஷெர்லக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் என்ன செய்தார் தெரியுமா? கிறிஸ்டியின் கையுறை ஒன்றை வாங்கி, ஆவிகளோடு பேசுகிறவர் என்று சொல்லப்பட்டவரிடம் கொடுத்துக் குறி கேட்டார்! ஹோம்ஸ் கேள்விப்பட்டிருந்தால் பேக்கர் தெருவைக் காலி செய்துகொண்டு போயிருப்பார்.

11 நாள் கழித்து, ஹாரோகேட் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் அந்தம்மா அகப்பட்டார். வேறு பெயரில் தங்கியிருந்தார். ரிஜிஸ்டரில் போட்டிருந்த குடும்பப் பெயர், கணவர் யாரைக் காதலிக்கிறாரோ அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர்! கிறிஸ்டியே எழுதியிருந்தால்கூட "கொஞ்சம் ஓவர்" என்று எடிட்டர் வெட்டியிருப்பார்.

சரி, என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ளலாம் என்றுதான் சுயசரிதையை எடுத்தேன். கிறிஸ்டி 1976-ல் இறந்து, மறு வருஷம் வெளிவந்த தலையணை சைஸ் புத்தகம். குழந்தைப் பருவம், வீட்டு நாய், யுத்தத்தில் நர்ஸ் வேலை, இரண்டாவது கணவரோடு பாலைவனத்தில் தோண்டியது, எல்லாம் இருக்கிறது. அற்புதமாகவும் இருக்கிறது. அந்த 11 நாள்? ஒரு வரி கிடையாது. ஊரே தேடிய கதையைத் தாண்டிக் குதித்துவிட்டு அந்தம்மா பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். வாழ்நாள் முழுக்க நமக்கு முடிவு சொன்னவர், தன் கதைக்கு மட்டும் முடிவைச் சொல்லாமல் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மௌனத்தில் எவ்வளவு வலி இருந்திருக்கும் என்று தோன்றியது. அம்மா இறந்த வருஷம் அது. அதே வருஷம் கணவர் விவாகரத்து கேட்கிறார். 500 பக்கத்துக்கு மேல் எழுதத் தெரிந்த ஒருத்திக்கு அதை எழுத மட்டும் கை வரவில்லை.

* * *

இனி நம் ஊர் கேஸ். இதுவும் காணாமல் போன கேஸ்தான். வலது பக்க அடுக்கில் சந்தன நிறத்தில் இருக்கும் புத்தகத்துக்குள் இருந்தது. விபூதி வாசனைக்குப் பயந்து நண்பர் தொடாமல் போன புத்தகம்.

ரமண மகரிஷியின் வாழ்க்கை வரலாற்றை 1931-ல் ஆங்கிலத்தில் எழுதியவர் பி.வி. நரசிம்மசுவாமி. அதற்கு முன் அவர் சேலத்தில் பிரபல வக்கீல், மதராஸ் சட்டசபை உறுப்பினர். 1921-ல் தன் குழந்தைகள் இருவரை வீட்டுக் கிணற்றில் பறிகொடுத்தார். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் ஊராக அலைந்து இங்கே வந்து சேர்ந்தவர். சாமியாராகிவிட்டாலும் வக்கீல் மூளை போகவில்லை. சாட்சிகளைத் தேடித் தேடி விசாரித்து, தேதி, நேரம், கட்டணம், கைமாறிய காசு எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறார். பக்தியை ஒரு ஓரமாக வைத்துவிட்டு இதைக் கேஸ் கட்டாகப் படித்துப் பாருங்கள்.

காணாமல் போனவர்: வேங்கடராமன். வயது 16. அப்பா உயிரோடு இல்லை. மதுரையில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிக்கிற பையன். தேதி: 1896 ஆகஸ்ட் 29.

பாடத்தைச் சரியாகப் படிக்காததால் இங்கிலீஷ் இலக்கணத்தை மூன்று தடவை எழுதும்படி இம்பொசிஷன். இரண்டு தடவை எழுதியாயிற்று. மூன்றாவது தடவை பேனா நின்றுவிட்டது. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான் பையன். அண்ணன் பார்த்தார். இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்கிற மாதிரி குத்தலாக ஒரு வார்த்தை சொன்னார். எல்லா அண்ணன்களும் சொல்வதுதான். ஆனால் தம்பி அதை நிஜமான கேள்வியாக எடுத்துக்கொண்டு, ஆமாம், எதற்கு என்று யோசித்துவிட்டான்!

பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று எழுந்தான். "அப்படியே என் காலேஜ் பீஸையும் கட்டிடு, பெட்டியில அஞ்சு ரூபா இருக்கு" என்கிற பாணியில் அண்ணன் சொல்ல, தப்பித்துப் போகத் தானாகவே வழிச் செலவு கிடைத்துவிட்டது. ஐந்தில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டான். ஒரு சீட்டும் எழுதி வைத்தான். தேட வேண்டாம், செலவு செய்ய வேண்டாம், பீஸ் இன்னும் கட்டவில்லை, மீதி இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது. சாரம் இவ்வளவுதான்.

துப்பறிகிறவர்கள் அந்தச் சீட்டைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். ஆரம்பத்தில் 'நான்' என்று எழுதியவன், அடுத்த வாக்கியத்திலேயே தன்னை 'இது' என்று அஃறிணையில் சொல்கிறான். கடைசியில் கையெழுத்து போடவேண்டிய இடத்தில் பெயரே இல்லை, கோடுதான். நாலு வரிக்குள் ஆசாமி படிப்படியாக மறைந்துபோகிறான். இத்தனை வருஷமாக மர்ம நாவல் படிக்கிறேன், இப்படி ஒரு கடிதத்தை எந்தக் கதையிலும் பார்க்கவில்லை.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பையன் ஸ்டேஷனுக்கு லேட். நல்ல வேளை, ரயிலும் லேட். தாமதமாக வந்த ரயிலால் உலகத்துக்கு நன்மை விளைந்த சம்பவம் வேறு ஏதாவது உண்டா என்று தெரிந்தவர்கள் எழுதலாம்.

பழைய அட்லஸைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம் என்று முடிவு செய்து, 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்தான். மீதி 3 அணா. ஸ்டேஷன் போர்டில் இன்னும் சில வரி கீழே படித்திருந்தால், திருவண்ணாமலைக்கே நேராக டிக்கெட் உண்டு என்று தெரிந்திருக்கும். கட்டணம் எவ்வளவு தெரியுமோ? சரியாக 3 ரூபாய்! அவன் எடுத்துக்கொண்ட அதே தொகை. பிற்பாடு ஆசிரமத்திலேயே வாழ்ந்து வரலாறு எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் இதைக் குறிப்பிடுகிறார்.

ரயிலில் ஒரு வயதான மௌல்வி, விழுப்புரத்தில் மாறிப் போகலாம் என்று வழி சொன்னார். விழுப்புரத்தில் ஹோட்டல்காரர் சாப்பாடு போட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்தார். மிச்சக் காசு மாம்பழப்பட்டு வரைதான் இழுத்தது. அப்புறம் நடை. அரகண்டநல்லூர், கீழூர். கோயிலில் மேளக்காரர் தன் பங்குச் சோற்றைக் கொடுத்தார். கீழூரில் ஒரு பாகவதர் வீட்டில் காதுக் கடுக்கனை அடகு வைத்தான். 20 ரூபாய் பெறும் சரக்கு. கேட்டது 4 ரூபாய்தான். அந்த வீட்டு அம்மா பட்சணப் பொட்டலம் ஒன்றையும் கையில் கொடுத்தார். பாகவதர் தன் விலாசத்தை எழுதிக் கொடுத்தார், கடுக்கனை மீட்க வருவான் என்று. வெளியே வந்ததும் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டான்.

செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. கோயிலுக்குள் போய்விட்டு வந்தவன், அய்யங்குளத்தில் பட்சணப் பொட்டலத்தை வீசினான். தலையை மழித்துக்கொண்டான். மீதிக் காசையும் எறிந்தான். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டான். பேச்சையும் நிறுத்திவிட்டான்.

தேர்ந்த குற்றவாளிகூட இத்தனை சுத்தமாகத் தடயங்களை அழிக்கமாட்டான், கவனித்தீர்களா? விலாசம் கிழிந்தது, முகம் மாறியது, பணம் குளத்தில், குரலே கிடையாது. எந்த சங்கர்லால் வந்து கண்டுபிடிப்பார்?

* * *

கண்டுபிடித்தது ஒரு கிளார்க், சார்!

தாலுகா ஆபீஸ் கணக்கர் வேங்கடராம ஐயர். பேசாத சின்னச் சாமியைத் தினமும் பார்க்கப் போவார். பெயர், ஊர் தெரிந்தாகவேண்டும் என்று ஒருநாள் பிடிவாதம் பிடித்தார். சொல்லாவிட்டால் சாப்பிடமாட்டேன், ஆபீசுக்கும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஆபீசுக்குப் போகாமலிருக்க நாம் சொல்லும் காரணங்களில் இவ்வளவு உயர்ந்தது எதுவும் இல்லை. கடைசியில் சாமி இரங்கி, தாளில் எழுதிக் காட்டியது இரண்டே வார்த்தை: வேங்கடராமன், திருச்சுழி. அதுவும் இங்கிலீஷில்!

இதற்கிடையே 1898-ல் மதுரையில் சித்தப்பா காலமானார். துக்கத்துக்கு வந்திருந்த குடும்பத்தாரிடம் ஒரு இளைஞன் வந்து, திருவண்ணாமலையில் இப்படி ஒரு சாமி இருக்கிறாராம், ஊர் திருச்சுழியாம் என்றான். ஒரு தம்பிரான் மடத்தில் பேசியதைக் கேட்டவன் அவன். கிளார்க் கறந்த அந்த இரண்டு வார்த்தை இரண்டு வருஷ மௌனத்தை உடைத்துவிட்டது.

மானாமதுரைச் சித்தப்பா நெல்லையப்ப ஐயர் ஓடி வந்தார். சாமி இருந்தது ஒரு மாந்தோப்பில். சொந்தக்காரர் உள்ளே விடவில்லை. தன்னைப் பற்றி ஒரு துண்டுத் தாளில் எழுதி அனுப்பினார். இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாமி அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ரிஜிஸ்திரார் ஆபீஸ் சமாசாரம் ஏதோ, அண்ணன் கையெழுத்தில். ஓஹோ, அண்ணனுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் இலாகாவில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஊகித்துக்கொண்டார். வாயே திறக்கவில்லை. உலகத்தையே துறந்தவர் என்கிறோம். துறந்தவர் தாளைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்! ஷெர்லக் ஹோம்ஸ் தோற்றார். என்னைக் கேட்டால், அத்தனை பக்கங்களிலும் மிக மனுஷத்தனமான இடம் இதுதான்.

நம் நண்பருக்காக ஒரு துணுக்கு. பின்னாளில் இதே ரமணரைப் பார்க்க 1938-ல் ஒரு சஸ்பென்ஸ் எழுத்தாளரும் வந்தார். சாமர்செட் மாம். முதல் உலக யுத்தத்தில் நிஜமாகவே உளவாளியாக இருந்தவர், அந்த அனுபவத்தை 1928-ல் 'ஆஷென்டன்' என்று கதைகளாக்கியவர். ஆசிரமத்துக்கு வந்தவர் மகரிஷியைப் பார்க்கும் முன்பே மயங்கி விழுந்துவிட்டார். அது சமாதி நிலை என்று ஒரு வதந்தி கிளம்பிப் பல ஊர் சுற்றியது. மாமே 1958-ல் எழுதிய கட்டுரையில், எனக்கு இதற்கு முன்பும் மயக்கம் வந்ததுண்டு என்று போட்டு உடைத்தார். அவர் மயங்கிக் கிடந்த அறை மேஜர் சாட்விக் என்ற வெள்ளைக்காரருடையது. அவரும் தன் நினைவுக் குறிப்பில் அந்த நாளை எழுதியிருக்கிறார். ஒரே சம்பவம், இரண்டு சாட்சி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கோர்ட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். 1944-ல் வந்த 'தி ரேசர்ஸ் எட்ஜ்' நாவலில் வரும் சாமியார் பாத்திரத்துக்கு விதை இந்த ஊரில்தான் விழுந்தது.

* * *

இன்னொரு வேங்கடராமனையும் சொல்லியாகவேண்டும். உ.வே. சாமிநாதையருக்கு முதலில் வைத்த பெயர் வேங்கடராமன்தான். வீட்டில் கூப்பிட்ட சாமிநாதன் நிலைத்துவிட்டது. அவருடைய 'என் சரித்திரம்' 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது. வாரா வாரம் சஸ்பென்ஸ். இதில் காணாமல் போனது மனுஷர்கள் இல்லை, ஓலைச்சுவடிகள். கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்கிற முன்சீப், இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம், சிந்தாமணி படித்ததுண்டா என்ற தொனியில் கேட்கிறார். 1880-ல் அந்தக் கேள்வி. 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில். நடுவில் ஏழு வருஷம் வீடு வீடாகத் துப்பறிகிறார் மனுஷர். அதோடு நிற்கவில்லை. கரிவலம்வந்தநல்லூருக்குச் சுவடி தேடிப் போனால், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்கிறார்கள். கொலைச் செய்தி கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

1942 ஏப்ரலில் ஆசிரியர் காலமானார். தொடர் 122 அத்தியாயத்தோடு நின்றது. 'முற்றும்' போட ஆள் இல்லை. அடுத்த இதழைப் பிரித்துப் பார்த்த வாசகன் முகத்தை நினைத்துப் பாருங்கள். துப்பறியும் கதைக்கு முடிவு உண்டு, எழுதுகிறவருக்கு அது முதலிலேயே தெரியும். சுயசரிதை எழுதுகிறவர் தன் முடிவுக்கு முந்தின பக்கம் வரைதான் எழுத முடியும்.

* * *

ஆக, நண்பருக்கு என் பதில்: இடது அடுக்கில் 'யார்' என்று தேடுகிறோம். வலது அடுக்கில் 'ஏன்' என்று தேடுகிறோம். தேடுவது ஒன்றுதான். ஆனால் இரண்டு அடுக்கிலுமே ஒரு ஆளைப் பற்றிப் பக்கம் ரொம்பக் குறைச்சல். காணாமல் போனவரின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்.

பௌர்ணமி முடிந்த மறுநாள் எங்கள் ஊர்ச் சுவர்களைப் பாருங்கள். கிரிவலக் கூட்டம் போனபிறகு சில 'காணவில்லை' நோட்டீஸ்கள் மிச்சமிருக்கும். வெளியூர்க்காரர்கள் ஒட்டியவை. வீட்டை விட்டுக் கிளம்பினால் திருவண்ணாமலைக்குத்தான் போயிருப்பான் என்று தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் நினைக்கின்றன. போட்டோவில் பையன் கல்யாண வீட்டுச் சட்டையோடு சிரித்துக்கொண்டிருப்பான். உயரம், நிறம், கடைசியாக உடுத்தியிருந்த உடை. கீழே போன் நம்பர். அந்த நம்பரை வைத்துக்கொண்டு யாரோ ஒரு அம்மா உட்கார்ந்திருப்பாள்.

வேங்கடராமனின் அம்மா அழகம்மாள் அப்படித்தான் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தார். இடம் தெரிந்த பிறகும் உடனே வர முடியவில்லை. பெரிய பிள்ளைக்கு ஆபீஸில் லீவு கிடைக்கவேண்டாமா? கிறிஸ்துமஸ் விடுமுறை வரைக்கும் பொறுத்திருந்து, 1898 டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்தார். சடையும் அழுக்குமாகப் பாறையில் கிடந்தது தன் பிள்ளைதான் என்று அம்மாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தினமும் பலகாரம் செய்து எடுத்து வந்து, வீட்டுக்கு வா என்று கெஞ்சினார். அழுதார். பிள்ளை வாய் திறக்கவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் சொல்லி, கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். நடக்கவேண்டியதுதான் நடக்கும் என்ற அர்த்தத்தில் சில வரி. லீவு முடிந்தது. அம்மா ஊருக்குத் திரும்பினார்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அதை மடித்து வைத்துக்கொண்டு மானாமதுரை வரைக்கும் போன ராத்திரி எப்படி இருந்தது என்று எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. குழந்தைகளைப் பறிகொடுத்த அந்தச் சேலம் வக்கீல் இந்த அத்தியாயத்தை எழுதும்போது என்ன நினைத்திருப்பார் என்று மட்டும் ஒரு கணம் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1916-ல் அழகம்மாள் நிரந்தரமாகவே வந்துவிட்டார். பிள்ளை வீட்டுக்கு வராவிட்டால் என்ன, வீடு பிள்ளையிடம் வந்தது. மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். ஆறு வருஷம் சேர்ந்திருந்தார்கள். 1922 மே 19-ம் தேதி அவர் இறந்தபோது பிள்ளை பக்கத்திலேயே இருந்து, நாள் முழுக்கக் கையைத் தலைமேலும் மார்மேலும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். உடலை மலையடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே தினமும் வந்துபோன மகரிஷி, அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் வந்தவர் திரும்பிப் போகவில்லை. செங்கம் ரோட்டில் இன்று நீங்கள் பார்க்கிற ரமணாசிரமம் அந்தச் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான். தேட வேண்டாம் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு ஓடி வந்த பையனின் ஊர் விலாசம் கடைசியில், தேடி வந்த அம்மா படுத்திருக்கிற இடமாகவே ஆகிவிட்டது. எந்த நாவலாசிரியருக்கு இந்தக் கடைசி அத்தியாயம் தோன்றும், சொல்லுங்கள்?

நண்பர் நேற்று இரண்டு கொலையையும் முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வந்தார். வக்கீல் எழுதிய புத்தகத்தைக் கையில் கொடுத்து, "மிஸ்ஸிங் கேஸ், பிரமாதமா இருக்கும்" என்றேன். விபூதி பற்றிப் பேசவில்லை. கடுக்கனை அடகு வைக்கிற கட்டம் வரைக்கும் வந்துவிட்டதாக இன்று காலை டீக்கடையில் சொன்னார். "அந்தப் பையனோட அம்மாவுக்கு யாரு சார் தகவல் சொன்னது?" என்று கேட்டார். சொல்லவில்லை. சஸ்பென்ஸைக் கெடுக்கக்கூடாது.

நீங்களும் இதை ஏதோ ஒரு மேன்ஷன் ரூமில், ஊரிலிருந்து 200, 300 கிலோமீட்டர் தள்ளிப் படித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த நாவலைப் பிரிப்பதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிட்டு வந்து உட்காருங்கள். கொலைகாரன் எங்கேயும் ஓடிவிடமாட்டான். கடைசி அத்தியாயத்தில்தான் இருப்பான்.